எனக்குக் குரல் சரியில்லை. யூடியூபில் தாலாட்டுப் போட்டுவிட்டால் குழந்தை பேசக் கற்காதா?

முதல் குழந்தை என்று நினைக்கிறேன். குரல் சரியில்லை என்று நீங்களாகச் சொல்கிறீர்களா, வீட்டில் யாராவது சொன்னார்களா? என்னைச் சொன்னது என் நாத்தனார். “அண்ணி, நீங்க பாடினா தூங்குற பிள்ளையும் எழுந்திரும்.” அதற்குப் பயந்து ஆறு மாதம் போனில்தான் தாலாட்டு ஓடியது. பையன் திரையையே பார்ப்பான், வாயைத் திறக்கமாட்டான்.

அப்புறம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நானே ஒன்று கட்டினேன். “மழை வந்துச்சு, மாடி நனைஞ்சுச்சு, துணியெல்லாம் போச்சு.” ராகம் கீகம் கிடையாது. தினமும் இதேதான். அவனுக்கு 13 மாதம் இருக்கும். ஒருநாள் ‘துணியெல்லாம்’ வரை பாடிவிட்டு, க்ளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு வேட்டியை உதறினேன். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் “ச்சு” என்றான். க்ளிப் விழுந்துவிட்டது. மறுபடி பாடி அதே இடத்தில் நிறுத்தினேன். மறுபடி “ச்சு”.

பாட்டால்தான் பேச்சு வந்தது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சரளமாகப் பேச அவனுக்கு இரண்டரை வயதாகிவிட்டது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று அவன் காது காத்திருந்தது, அது பொய்யில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 9 மாதக் குழந்தைகளை ஒரு மாதத்தில் 12 தடவை மூன்று தட்டுத் தாளத்துக்கு விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு. பிறகு இசையில் மட்டுமல்ல, பேச்சொலியில் தாளம் தப்பியதையும் அந்தக் குழந்தைகளின் மூளை நன்றாகவே கண்டுபிடித்தது.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் பேசக் கற்பதை ஆராயும் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் சொன்னது: நேரில் ஆள் உட்கார்ந்து சீன மொழி பேசியபோது அமெரிக்கக் குழந்தைகளுக்கு அதன் ஒலிகள் பிடிபட்டன. அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குளிக்கப் போகும்போது போனைப் போட்டுவிடுங்கள், நானும் செய்தேன். மற்ற நேரம் நீங்களே பாடுங்கள்.

தூளியில் போட்டுப் பாடியிருந்தால் இன்னும் சுகமாக இருந்திருக்கும். கூரையில் ஒரு கொக்கி மாட்டக் கேட்டதற்கு ஹவுஸ் ஓனர் “காங்கிரீட் விரிசல் விடும்” என்று மறுத்துவிட்டார். காலி செய்தபோது நாங்கள் அடிக்காத ஆணிக்கெல்லாம் அட்வான்ஸில் ஐயாயிரம் பிடித்தார். போன வருடம் அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அந்த வீட்டில் இப்போது இரண்டு கொக்கியாம்.