அப்பாவுடன் ஒயின் சுவைக்க உட்காரும்போது

"ஒயின் பழக்கமே இல்லாத அப்பாவையோ அம்மாவையோ உட்காரவைத்து, போத்தலை மறைத்துச் சுவைத்துப் பார்க்கும் விளையாட்டை வீட்டில் நடத்தலாமா? அவர்களுக்குச் சலிப்பாக இருக்காதா?" என்பது கேள்வி.

தாராளமாக நடத்தலாம். ஆனால் போத்தல்களை மறைப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. விடை தெரிந்த பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தால், அப்பா ஒயினை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு என் தங்கையுடையது. அவள் மதுவைத் தொடுவதில்லை. எது எந்தப் போத்தல் என்று அவளுக்கு மட்டும் தெரியும். அப்பாவும் நானும் ஒரே அளவுக்கு முட்டாள்கள். அந்தச் சமத்துவம்தான் இந்த மாலையின் உயிர்.

நான்கு போத்தல் போதும். பழுப்புக் காகிதப் பையில் போட்டு, மேலே எண் எழுதி, மூடிகளையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். திருகுமூடியைப் பார்த்ததுமே மலிவுச் சரக்கு என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் நிறையப் பேர். நியூசிலாந்து ஒயின்களில் பெரும்பாலானவை, உயர்ந்தவை உட்பட, திருகுமூடியோடுதான் வருகின்றன.

எங்கள் அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கள்ளும் பியரும் தெரியும். ஒயின் என்றால் "அது படித்தவர்கள் குடிப்பது அம்மா" என்று ஒதுங்குவார். அவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி வைத்தேன். ஒன்று, 1976இல் பாரிஸில் நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் ஏற்பாடு செய்த மறைபோட்டியில், பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று பிரான்சின் ஒயின் ஊரான போர்தோவில் நடந்த ஆய்வு. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, அந்த வெள்ளை ஒயினைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அவர்கள் வருணித்திருந்தார்கள். "படித்தவர்களே இப்படியா?" என்று சிரித்துவிட்டு, அப்பா நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியே தாளில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் வாய் திறந்தவர் சொன்னதையே மற்றவரும் மோந்து பார்ப்பார். என் தாளில் நான் எங்கோ படித்த சொற்கள் இருந்தன. அப்பாவின் தாளில் இருந்தவை அவருடைய சொந்தச் சொற்கள். ஒரு சிவப்புக்கு "தே ஓ கொசோங், அதிக நேரம் ஊறியது" என்று எழுதியிருந்தார். பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர் அது. திராட்சைத் தோலும் விதையும் தரும் டானின் துவர்ப்பை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது?

மூன்றாம் பைக்கு அவர் எழுதியது ஒரே சொல்: மிளகு. எனக்கு மிளகு வாசனையே வரவில்லை. கிண்ணத்தைச் சுழற்றினேன், மறுபடி மோந்தேன், ஒன்றுமில்லை. அப்பா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்கு மிளகு தட்டுவது எங்கள் வீட்டில் அவர் வேலை. அந்த மூக்கோடு வாதாடுவது கடினம். தங்கை பையை உருவியபோது உள்ளே இருந்தது ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின். அந்தத் திராட்சையின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் சமையலறைக் குருமிளகிலும் இருப்பது அதே சேர்மம்தான். அந்த ஆய்வில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினருக்கு, அளவை மிகவும் கூட்டியும், அதன் மணம் தெரியவில்லை. நானும் அந்தக் கூட்டம் போலிருக்கிறது. அன்று இரவு முழுவதும் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கம் இருக்கிறதே!

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்ற விதியை நம்பாதீர்கள். அது ஐரோப்பியக் குளிரில் கட்டிய வீட்டின் அறை. நம்முடைய 30 பாகையில் சாராய நெடிதான் முன்னால் வரும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். வெள்ளையை முதலில் ஊற்றுங்கள். இடையில் கடிக்க வெறும் ரொட்டி, குடிக்கத் தண்ணீர். சம்பாலும் மிளகாய் வடையும் கடைசியில் வரட்டும். காரம் ஏறிய நாக்குக்கு மதுவின் எரிச்சல் கூடுதலாகத் தெரியும், நுணுக்கம் தெரியாது. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்தேன். "காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா?" என்று அப்பா அதைத் தள்ளிவைத்துவிட்டார். அதனால் அளவைக் குறைத்தோம்: ஆளுக்கு 50 மில்லிலிட்டர்கூட வேண்டாம், இரண்டு மடக்கு போதும்.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். விருந்தாளிகள் வந்தால் அவர்கள் காரோட்டி வர வேண்டாம்.

வீட்டில் எதிர்ப்பும் வரலாம். தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியது என்பதைப் பார்த்து வளர்ந்தவர் எங்கள் அம்மா. அவரிடம் ஒயினின் பெருமை பேசி வாதாடுவது அவமரியாதை. நான் அளவைக் காட்டினேன், நேரத்தைச் சொன்னேன், மீதியை மூடிவைத்தேன். அவர் சமையலறையிலிருந்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பையைத் திறந்த பிறகு கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் மோந்து மட்டும் பார்த்தார். அவருக்கும் மிளகு தெரிந்தது.