சிவிலா, சுற்றுச்சூழல் பொறியியலா? கழிவுநீர்த் துறையைக் கேட்கும் மகளின் அம்மாவுக்கு

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். கழிவுநீர் சுத்திகரிப்பு, மறுபயன்பாடு சம்பந்தமாகப் படிக்கணும் என்கிறாள். "சாக்கடை வேலைக்கா இவ்வளவு படிக்க வச்சோம்" என்று அவள் அப்பா கோபப்படுகிறார். எந்தப் பிரிவு எடுப்பது? வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா? (ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: அம்மா, பிரிவை முதலில் முடித்துவிடலாம். இளநிலையிலேயே 'சுற்றுச்சூழல்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். சிவில் அல்லது கெமிக்கல் எடுக்கட்டும். அரசு வேலை அறிவிக்கைகளில் கல்வித்தகுதிப் பத்தியைப் படித்தால் காரணம் புரியும்: நீர், வடிகால் சார்ந்த பதவிகளில் சிவிலுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும், புதுப் பெயர் படிப்புகளுக்கு 'இணையானது' என்று சான்று வாங்க அலைய வேண்டி வரும். முதுநிலையில் இந்தத் துறைக்குள் நுழையலாம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கான படிப்புகள் உண்டு. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் பொறியியலுக்குத் தனித்தாளே இருக்கிறது. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கட்-ஆஃப் குறைந்தால் கவலை வேண்டாம். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி திறந்தே இருக்கிறது.

இனி அப்பாவின் கோபம். சாக்கடையில் இறங்குவதல்ல இந்த வேலை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொல்கிற நிறுவனத்தில் வேலைக்கே சேரக்கூடாது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்று திட்டமிடுவார்கள். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். பத்து லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டால் தினம் 10 கோடி லிட்டருக்கு மேல். மழை பொய்த்து வைகையில் மணல் மட்டும் தெரிகிற கோடையிலும் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் இதுதான். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் மதுரை மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. சென்னையில் கோயம்பேடும் கொடுங்கையூரும் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. திருப்பூரில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் மறுசுழற்சி செய்தால்தான் தொழில் என்றாகிவிட்டது. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தை விவசாயத்துக்குத் திருப்புகிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்துக் குடிக்கவே குடிக்கிறது.

வேலையில் மூளைக்கு இரை கொடுப்பது உப்பு. காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கில் நுண்ணுயிர்கள் மலத்தையும் உணவுக் கழிவையும் தின்னும். கரைந்த உப்பைத் தொடாது. ஒருமுறை வீட்டுக்குள் போய்த் திரும்பும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் ஏறிவிடும். போர் தண்ணீரிலேயே 1,500 இருந்தால், சுத்திகரித்த நீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் டி.டி.எஸ். 2,000 பக்கம் நிற்கும். அதை வருஷக்கணக்கில் தோட்டத்துக்கு விட்டால் மண் இறுகிப்போகும், செடி நுனி கருகும். ஆர்.ஓ. போடலாமே என்றால், 75 சதவீதம் நல்ல நீர் எடுக்கும்போது மிச்சம் 25 சதவீதத்தில் உப்பு நாலு மடங்காகி 8,000-ஐத் தொடும். அதை எங்கே விடுவது? கண்மாயிலா? வறண்ட ஊர்களில் திட்டங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த இன்ஜினியர்கள் குறைவு.

இன்னொரு பக்கம், நிலையத்தைத் தினசரி ஓட்டுவது. ஏரேஷன் டேங்க் நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் பிடித்து, ஆட்டாமல் அரை மணி நேரம் வைப்பார்கள். பழுப்பு நிற ஸ்லட்ஜ் கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். அடியில் 300 மில்லி, எம்.எல்.எஸ்.எஸ். (டேங்க் நீரில் மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு மில்லிகிராமில்) 3,000 என்றால் 300-ஐ 1,000-ஆல் பெருக்கி 3,000-ஆல் வகுக்க 100 வரும், நல்ல ஸ்லட்ஜ். 600 மில்லியில் நின்றால் 200. நூல்போன்ற பாக்டீரியா பெருகி ஸ்லட்ஜ் உப்பிவிட்டது, இனி அது தெளிவு நீரோடு வழிந்து போகும். காரணம் பல இருக்கலாம். முதலில் கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். இரண்டு மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் அரைகூட இருக்காது. அபார்ட்மென்ட் எஸ்.டி.பி.க்கள் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள்) நாறுவதும் இதனால்தான்: கரன்ட் பில்லுக்குப் பயந்து காற்றை ஊதும் புளோயரை ராத்திரி அணைத்துவிடுவார்கள், காலையில் அழுகிய முட்டை வாடை. இன்டர்வியூவில் இந்த உருளைச் சோதனையைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். உங்கள் மகள் விழிக்க வேண்டாம்.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு: ஆய்வகம், வடிவமைப்பு, கணினித் திரையில் பிளாண்டைக் கண்காணிக்கும் ஸ்காடா கட்டுப்பாட்டறை, மாசுக் கட்டுப்பாட்டுப் பணி எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு வருஷம் பிளாண்டில் நின்றே ஆக வேண்டும். ஷிப்ட் வரும், வாடை வரும். பிளாண்ட் பார்க்காமல் டிசைனுக்குப் போனவர் வரைகிற படத்தில் பம்பைக் கழற்றக்கூட இடம் இருக்காது. சேருமுன் கேட்க வேண்டியவை சம்பளம் மட்டுமல்ல. இரவு ஷிப்டில் எத்தனை பேர், வாயு அளக்கும் கருவி இருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, சோதனை அறிக்கையில் எண்ணை 'சரிசெய்து' எழுதச் சொல்வார்களா என்றும் விசாரியுங்கள். கடைசியது நடக்காத கதை இல்லை. மாட்டினால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

வளைகுடா ஆசை வந்தால் மூன்று, நான்கு வருஷ பிளாண்ட் அனுபவத்துக்குப் பிறகு வரட்டும். ஏஜெண்ட் மத்திய அரசின் ஈமைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

கவுன்சலிங்குக்கு நாள் இருந்தால் ஒரு டி.டி.எஸ். பேனா வாங்கிக் கொடுங்கள்; சில நூறு ரூபாய்தான். வீட்டு போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், துணி துவைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டியது, மூன்றையும் ஒரு வாரம் காலை மாலை அளந்து நோட்டில் எழுதட்டும். மூன்றாம் நாளே சலித்துப்போனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிப் பேசலாம். எண் ஏன் ஏறுகிறது என்று அவளே துருவ ஆரம்பித்தால் சிவிலை முதல் விருப்பமாகவும் கெமிக்கலை இரண்டாவதாகவும் போடுங்கள். அந்த நோட்டை அப்பாவிடமும் காட்டுங்கள்.