எகானமி வகுப்பில் நெடுந்தூரம் பறக்கும்போது முழங்கால் இடிக்கிறது, இடுப்பு கழன்றுவிடும்போல் வலிக்கிறது. கொஞ்சமாவது வசதியாக உட்கார என்ன செய்யலாம்?

விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான். சீட் தேர்வு செய்யும்போதே பாதிக்கு மேல் முடிவாகிவிடும். அதனால் முதலில் ஒரு அளவுநாடாவை எடுங்கள்.

முதுகும் இடுப்பும் சுவரை ஒட்டும்படி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் முனை வரை அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 53-லிருந்து 66 செ.மீ.க்குள் வரும். விமான நிறுவனம் சொல்லும் 'பிட்ச்' எண்ணை இதோடுதான் ஒப்பிட வேண்டும். பிட்ச் என்றால் கால் நீட்டும் இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சீட்டில் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம்தான் அது. சீட் முதுகின் தடிமனும் அதற்குள்ளேயே அடக்கம். மலிவுக் கட்டண விமானங்களில் 28, 29 அங்குலம், மற்றவற்றில் 30, 31, நெடுந்தூர விமானங்களில் 31, 32 என்பது இன்றைய வழக்கம்.

28 அங்குலம் என்பது 71 செ.மீ. முழங்கால் உயரத்தில் முன் சீட்டின் தடிமன், மெல்லிய புது வகையில் தோராயமாக 5 செ.மீ.; பழைய பருத்த சீட்டில் 8, 10 வரை போகும். கால் அளவு 63 செ.மீ. உள்ளவருக்குப் பழைய சீட்டில் முட்டி இடிக்கும், புதியதில் இடிக்காது. பிட்ச் ஒன்றுதான், அனுபவம் வேறு. மெல்லிய சீட்டுகளில் பத்திரிகைப் பையை மேலே, தட்டு மேசைக்கும் மேலே கொண்டுபோய்விட்டதும் முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் மெத்தையும் மெலிந்துவிட்டதால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உட்காரும் எலும்பு வலிக்கத் தொடங்கும். காலுக்குக் கிடைத்ததைப் பிட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்!

முழங்கால் இடத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அகலம்தான் பெரிய தொல்லை. முழங்காலைச் சாய்த்து வைக்கலாம், தோளை எங்கே வைப்பது? போயிங் 737-இல் சீட் அகலம் 17 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஏர்பஸ் ஏ320-இன் உள்கூடு அதைவிட ஏறக்குறைய 16 செ.மீ. அகலம் என்பதால், அதே மூன்றுக்கு மூன்று அமைப்பில் 18 அங்குலம் கிடைக்கும். பெரிய விமானங்களில் வரிசைக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். போயிங் 777-இல் வரிசைக்கு 9 பேர் என்றால் 18-க்கு மேல். 3-4-3 என்று 10 பேரை அடைத்திருந்தால் 17 அங்குலம். போயிங் 787-இல் 9 பேர் என்றால் 17 சொச்சம். ஏ330-இல் 2-4-2, ஏ350-இல் 3-3-3 இரண்டிலும் 18 அங்குலத்தை ஒட்டி வரும். ஒரே தடத்தில் இரண்டு விமானங்கள் கட்டணத்தில் நெருக்கமாக இருந்தால், எந்த ரக விமானம் என்பதை வைத்து முடிவு செய்வது நல்லது. ஏரோலோபா போன்ற தளங்களில் அளவுக்கேற்ப வரைந்த சீட் படங்கள் கிடைக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் மறுபடியும் பாருங்கள்; விமானத்தை மாற்றினால் உங்கள் சீட் எண்ணும் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

அவசர வழி வரிசை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்க வேண்டாம். இறக்கைக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு அவசர வழி வரிசைகள் இருந்தால், முன்னது வழக்கமாகச் சாயாது. பின்னதுதான் எடுக்க வேண்டியது. பெரிய கதவை ஒட்டிய ஜன்னல் சீட்டில் கதவின் கீழ்ப்பகுதி புடைத்துக்கொண்டு காலுக்கு நேரே நிற்கும், குளிரும் அடிக்கும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையில் யாரும் உங்கள் மேல் சாய மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தட்டு மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி தூக்க வராது, சீட்டின் அகலமும் குறையும். பருத்த உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த வரிசை ஆகாது. பை வைக்கவும் முன்னால் இடமில்லை, புறப்படும்போதும் இறங்கும்போதும் மேலே ஏற்றிவிட வேண்டும். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது, கழிவறை வரிசையும் அங்கேதான் நிற்கும். பெரிய விமானங்களில் வால் பக்கம் உடல் குறுகுவதால் சில வரிசைகளில் ஓரத்து மூன்று சீட் இரண்டாகும். அந்த இரண்டில் ஜன்னல் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும். இருவராகப் போகிறவர்கள் முதலில் இதைத் தேடுங்கள்.

இனி உட்கார்ந்த பிறகு. முன்னால் உள்ள பையிலிருந்து தண்ணீர் பாட்டில், பத்திரிகை எல்லாவற்றையும் எடுங்கள். முழங்காலுக்கு இரண்டு மூன்று செ.மீ. அங்கேயே தேறும். கைப்பையை முன் சீட்டுக்கு அடியில் திணித்தால் பாதத்துக்கான இடம் போய்விடும், மேலே வையுங்கள். நடைவழி சீட்டின் வெளிப்பக்கக் கைப்பிடி தூக்க வராது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கீல் இருக்கும் பின்பக்கம், கைப்பிடிக்கு அடியில் விரலால் தடவினால் பல சீட்டுகளில் ஒரு சிறு பித்தான் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் மேலே போகும். புறப்படும்போதும் இறங்கும்போதும் கீழே இறக்கியாக வேண்டும்.

இடுப்பு வலிக்குக் காரணம் சீட்டின் வளைவு. இடுப்பெலும்பு முன்னால் வழுக்கிப் பின்பக்கம் சாய்கிறது, முதுகு கூன் போட்டுக்கொள்கிறது. கூடவே முழங்காலும் முன் சீட்டில் போய் முட்டுகிறது. பிட்டத்தை முழுக்கப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, போர்வையையோ ஸ்வெட்டரையோ முன்கை தடிமனுக்குச் சுருட்டி, பெல்ட் கட்டும் உயரத்தில் வையுங்கள். அதைவிட மேலே வைத்தால் நெஞ்சை முன்னால் தள்ளும், வலி கூடும். குள்ளமானவர்களுக்குப் பாதம் தரையில் படியாமல் சீட் விளிம்பு தொடையை அறுக்கும். மெத்தென்ற பை ஒன்றைப் பாதத்துக்கு அடியில் வைத்தால் தீரும். மேசையில் மாட்டும் கால் ஊஞ்சலைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். முன் சீட்டைச் சாய விடாமல் தடுக்கும் கவ்விகளும் அப்படியே. அவை சண்டையைத்தான் இழுத்துவரும்.

கழுத்துத் தலையணையின் தடித்த பக்கம் பிடரிக்குப் பின்னால் இருந்தால் தலை முன்னால் தொங்கும். திருப்பிப் போட்டு, தடித்த பக்கத்தைத் தாடைக்கு அடியில் வையுங்கள். தலை சாயும் பகுதி மேலே இழுபடும் வகையா, இருபுறமும் மடங்குமா என்றும் பாருங்கள். மடங்கினால் தலையணையே தேவைப்படாது.

நெருக்கத்தில் உண்மையான ஆபத்து காலில் ரத்தம் உறைவது. உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து இரண்டு மடங்காகிறது. அப்போதும் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இருபது முறை போதும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே ஏறும். கால் மேல் கால் போடாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மணிக்கணக்கில் அசையாமல் கிடத்திவிடும், தவிர்ப்பது நல்லது. அழுத்தக் காலுறை போடுவதாக இருந்தால் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து, முழங்காலுக்குக் கீழ் வரை வரும் சரியான அளவை வாங்குங்கள். மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் போடாமலிருப்பதைவிட மோசம். முன்பு ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலுறை எதையும் தேர்வு செய்யக் கூடாது.

இரண்டு பாதமும் சற்று வீங்குவது சகஜம், அதனால் நாடா தளர்த்தக்கூடிய காலணியே போடுங்கள். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைதான்.