கேமரா ஆடினால் டிக்கெட் காசு திரும்புமா?

கேள்வி: ‘க்ளோவர்ஃபீல்ட்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்த நண்பர், “கேமரா ஒரே ஆட்டம், பிரிண்ட்டும் கோளாறு, காசு தண்டம்” என்கிறார். இணையத்தில் வாடகைக்கு எடுக்கலாமா, விலைக்கே வாங்கலாமா? வீட்டில் 43 இன்ச் டிவி. மனைவிக்குப் பஸ் ஏறினாலே குமட்டும். போன மாதம் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் இதே மாதிரி கைக்கேமரா படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோம். டிக்கெட் காசைத் தர மறுத்துவிட்டார்கள். வழி உண்டா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: வாடகையே போதும். 2008-இல் மாட் ரீவ்ஸ் இயக்கிய இந்தப் படம் 85 நிமிடம்தான். முதல் அதிர்ச்சியில்தான் இதன் பலம் முழுவதும் இருக்கிறது. நகரைத் தாக்கும் பூதம் எங்கே, எவ்வளவு பெரிது என்று தெரியாமல் நியூயார்க் தெருவில் ஓடுகிறவர்களின் திகில் நம்மையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அது பாதியாகிவிடும். தொடக்க விருந்துக் காட்சி இழுவை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், பொறுத்திருங்கள்.

நண்பர் சொன்ன ‘கோளாறு’ வேண்டுமென்றே வைத்தது. ஆரம்பத்தில் வண்ணப் பட்டைகள் வரும். நடுநடுவே பழைய உல்லாசப் பயணக் காட்சி வெட்டிப் புகும். ஓடுகிறவர்களில் ஒருவர், ஏற்கெனவே பதிவான டேப்பின் மேலேயே பூதம் வந்த இரவைப் பதிவு செய்ததாகக் கதை. இதைக் காட்டிப் பணம் திருப்பிக் கேட்டால் கிடைக்காது. பின்னணி இசையும் இல்லை. மைக்கேல் ஜியாச்சினோவின் இசை கடைசிப் பெயர்ப் பட்டியலில்தான் வரும், அணைத்துவிடாதீர்கள்.

எச்டியில் எடுங்கள். படம் ஆடும்போது திரை முழுவதும் நொடிக்கு நொடி மாறுவதால், குறைந்த தரத்தில் சுரங்க ரயில் பாதையின் இருட்டு வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். 4கே-வுக்குக் கூடுதல் காசு வேண்டாம். வாடகைப் படத்தைத் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்குக் காரணம், கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. அசையாத சுவரும் பார்வையில் பட வேண்டும். ஆகவே இரண்டரை மீட்டர் தள்ளி உட்காருங்கள். டிவிக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியட்டும். டிவி செட்டிங்கில் அசைவை மிருதுவாக்கும் வசதியை அணையுங்கள். இவ்வளவு ஆட்டத்தை அதனால் பின்தொடர முடியாது, உருவங்களின் ஓரம் கலங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டாம். உமிழ்நீர் ஊறினால் உடனே நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பாருங்கள். வாந்தி வரும்வரை பொறுத்தால் அன்றைக்குப் படம் அவ்வளவுதான்.

தியேட்டர் விஷயம்: கேமரா ஆடுவது இயக்குநர் எடுத்த விதம், சேவைக் குறைபாடு ஆகாது. அதற்குக் காசு கேட்க முடியாது. புரொஜெக்டர் ஃபோகஸ் கலங்கியிருந்தாலோ, ஒலி அறுந்தாலோ, ஏசி ஓடாவிட்டாலோ கதை வேறு. உடனே மேலாளரிடம் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். டிக்கெட்டையும் பணம் கட்டிய எஸ்எம்எஸ்ஸையும் வைத்திருங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தியேட்டர் கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.