மீனில் புழு கண்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

*பாரை மீனை வெட்டியபோது சதைக்குள் அரிசிக் குறுணை போல வெள்ளையாகக் கிடந்தது. முழு மீனையும் எறிந்துவிட்டேன். சரிதானா? – புதுக்குடியிருப்பு வாசகி*

அநியாயமாக எறிந்துவிட்டீர்களே, அம்மா! சுறா, திருக்கை ஆகியவற்றின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம் பருவம்தான் பெரும்பாலும் இப்படிக் காணப்படும். மனிதக் குடலில் அது வளராது. கத்தி நுனியால் கிள்ளி எடுத்துவிட்டு நன்றாகச் சமைத்திருக்கலாம்.

*கலவாய்ச் சினைக்குள் சிவப்பு நூல் போல நெளிகிறதே? – முல்லைத்தீவு*

அதுவும் மனிதருக்குத் தொற்றாது. மீனின் இரத்தத்தைக் குடிப்பதால் வந்த சிவப்பு. சினையை ஒதுக்கிவிட்டு மீனைச் சமையுங்கள்.

*பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துத் தின்கிறான் மகன். புளி புழுவைக் கொன்றுவிடாதா? – வவுனியா*

கொல்லாது. எனக்குக் கவலை தருவது இதுதான். அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழு, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில், கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டு மீனின் குடலிலும் ஈரலிலும் ஒட்டிக் கிடக்கும். அது டொல்பின், திமிங்கிலம் முதலியவற்றின் வயிற்றுக்குரிய புழு. மனித வயிற்றுக்குள் உயிரோடு போனால் இரைப்பைச் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் கடும் வலியும் வாந்தியும் வரும். வாய்வழியாகக் குழாய்க் கருவியை இறக்கிப் புழுவைப் பிடித்து எடுக்க நேரிடும்.

புளி பட்ட சதை வெளிறி, வெந்ததுபோலத் தெரியும். புழு அப்படியே உயிரோடு இருக்கும். துண்டின் நடுப்பகுதி 60 பாகை செல்சியசில் ஒரு நிமிடமாவது நின்றால்தான் அது சாகும். கொதிக்கும் குழம்பில் பயமில்லை. தடித்த அறக்குளாத் துண்டைப் பொரிக்கும்போதுதான் கவனம் வேண்டும்: வெளியே முறுகியிருக்கும், முள்ளோரம் கண்ணாடி போலப் பச்சையாக இருக்கும். திரும்பவும் சட்டியில் போடுங்கள். பச்சையாகத்தான் வேண்டுமென்றால், முதலில் மறை 20 பாகை செல்சியசில் (−20°C) 7 நாள் உறையவைத்திருக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை அதற்கு நம்பாதீர்கள்.

*மோட்டார் சைக்கிள் பெட்டியில் வரும் மீனைக் குடலோடு வைத்திருக்கலாமா? – மாங்குளம்*

வேண்டாம். மீன் செத்தபின் புழு குடலைவிட்டு வயிற்றுச் சதைக்குள் ஏறக்கூடும். வாங்கிய கையோடு குடலை எடுத்துவிடுங்கள். கரையில் மீன் வெட்டும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: குடலைக் கடலில் வீசாமல் புதையுங்கள். வீசினால் இன்னொரு மீன் அதைத் தின்று, அதே புழுவைச் சுமந்துகொண்டு உங்கள் வலைக்கே வரும்.

*கருவாட்டில் நெளிவதும் இதுதானா? – பேசாலை*

இல்லை. அது ஈ இட்ட முட்டையிலிருந்து வந்த புழு. உப்புப் போதாமல், ஈரம் காயாமல் போனதன் அடையாளம். வலையால் மூடி, நிலத்தில் படாமல் பரணில் காயப்போடுங்கள்.