மாதம் நாலு லட்சத்துக்கு பில், சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாற்று

கேள்வி: கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் வேலை. மாதம் நாலு லட்சம் வரை பில் ஆகிறது, ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போட மச்சானிடம் கைமாற்று வாங்குகிறேன். "உன் மனநிலைதான் பிரச்சினை, ஜெயிக்கிறவர்களின் பழக்கம் உனக்கு இல்லை" என்று சொல்லி, ஓட்டலில் நடக்கும் மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு நண்பர் கூப்பிடுகிறார். கட்டணம் 28,000 ரூபாய். 5,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன். போகலாமா? தொழிலில் முன்னேற என்ன பழக்கம் வேண்டும்? வயது 34.

பதில்: போக வேண்டாம் தம்பி. அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் 5,000 போனது போகட்டும். மீதி 23,000 என்பது உங்கள் பட்டறையின் ஒரு வாரச் சம்பளம். அதை நீங்கள் யாருக்கும் கொடுக்கும் நிலையில் இல்லை.

இருபத்திரண்டு வருடமாகச் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து கொடுக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்களும் மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன், ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்குகிறவர்கள் நன்றாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். நன்றாக இருப்பவர்கள் எல்லோரிடமும் இருப்பது இரண்டே குணம். பெட்டியில் இருக்கும் பணத்தில் தன்னுடையது எவ்வளவு, பிறத்தியாருடையது எவ்வளவு என்று எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வரவேண்டிய பணத்தைக் கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள். உங்களுக்கு இரண்டாவதுதான் பெரிய குறை. கேள்வியோடு நீங்கள் அனுப்பிய நிலுவைப் பட்டியலைக் கூட்டினால் 11,40,000 ரூபாய் பார்ட்டிகளிடம் நிற்கிறது. மாதம் நாலு லட்சம் என்றால் அது ஏறக்குறைய 85 நாள் உழைப்பு. கரண்ட் பில், கூலி, இன்சர்ட் என்கிற வெட்டும் முனை, கூலன்ட் எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்து போட்டு, பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாத கடன் கொடுத்துவிட்டு, மச்சானிடம் கை நீட்டுகிறீர்கள்.

சில வருடம் முன்பு குறிச்சி சிட்கோ பக்கம் இதே மாதிரி ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். நல்ல வேலைக்காரர், மைக்ரோமீட்டர் வைக்காமலே விரலால் தடவி அளவு சொல்வார். மேஜை டிராயரைத் திறந்தால் பைண்டிங் கம்பியில் குத்திய டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கட்டு, எண்ணெய்க் கறை படிந்து ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. உட்கார்ந்து எண்ணினோம். 61 டிசி. வேலை முடிந்து, சரக்கு போய், அந்த பம்ப் இந்நேரம் யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும், பில் மட்டும் போகவில்லை. "மாசக் கடைசியில சேர்த்துப் போட்டுக்கலாம்னு இருந்தேன் சார்" என்றார். மாசக் கடைசியில் வேலை நெருக்கடி, அடுத்த மாசக் கடைசியில் வீட்டில் விசேஷம். பில்லே போகாத பணத்தை எந்த அக்கவுன்ட்ஸ் பிரிவும் தேடி வந்து தராது.

பில் போடத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பில் போட்ட மாதத்துக்கே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து வரப்போகிற பணத்துக்கு இன்றே வரி கட்டு, தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி கொடு என்பது ஒரு லேத் பட்டறைக்காரருக்கு அநியாயம்தான். பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கேட்பார் இல்லை. அதற்காக பில்லைத் தள்ளிப்போட்டால் வரி தள்ளிப்போகும், பணமும் சேர்ந்து தள்ளிப்போகும். சரக்கு போன அன்றே பில். இதில் பேரமே வேண்டாம்.

கேட்பது எப்படி? "சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பது கேட்பது ஆகாது. "12-ஆம் தேதி பில், 46,200 ரூபாய், வியாழக்கிழமைக்குள் போட முடியுமா?" என்று தேதி, தொகை, கிழமை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டாம், அக்கவுன்ட்ஸில் இருப்பவரிடம் கேளுங்கள். சனிக்கிழமை கேட்காதீர்கள், அன்று அவர்களே சம்பள வேலையில் இருப்பார்கள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒவ்வொரு வாரமும், ஒரே நேரத்தில். நாலு வாரம் இப்படிப் போன் போனால் உங்கள் பெயர் அவருடைய பட்டியலில் மேலே ஏறிவிடும். "பார்ட்டி கோபித்துக்கொண்டு வேலை தராமல் போய்விட்டால்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரியாதையாகத் தேதி சொல்லிக் கேட்டதற்காக வேலையை நிறுத்திய பார்ட்டியை நான் பார்த்தவரை மிகக் குறைவு. அப்படி நிறுத்துகிறவர் எப்படியும் உங்கள் பணத்தை இழுத்தடிக்கத்தான் போகிறார்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இது போக, 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: உங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் அக்கவுன்ட்ஸ்காரர்கள் திடீரென்று போனை எடுத்துப் பேசுவது இதனால்தான்.

இதில் ஒரு இடத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். அந்த 45 நாள் உங்கள் பில் தேதியிலிருந்து ஓடாது. சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். ஏற்றுக்கொண்ட நாள் எது? சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை எதுவும் சொல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். 15 நாளுக்குள் "இத்தனை பீஸ் அளவு தவறு" என்று எழுத்தில் சொல்லிவிட்டால், அந்தக் குறையை நீங்கள் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. போனில் சொன்னது, கேட்டில் நின்று வாய்வார்த்தையாகச் சொன்னது சேராது. ஆகவே சரக்கு இறக்கும்போது டிசியின் இரண்டாவது நகலில் கையெழுத்து, சீல், முக்கியமாகத் தேதி வாங்க வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஐந்து டிசி பார்த்தேன், ஐந்திலும் வாட்ச்மேன் கிறுக்கல் இருக்கிறது, ஒன்றிலும் தேதி இல்லை. ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினாலும் சரி, தேதி போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். வந்ததும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கையில் காகிதம் நிலைக்காது.

சட்டம் இருக்கிறது என்றேன், வேகமாக நடக்கும் என்று சொல்லவில்லை. இந்த வழக்குகளுக்கென்றே தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன, மனு வந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 90 நாள் என்று எழுதியவர்கள் ஒருமுறை அங்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய்தாவுக்கு மேல் வாய்தா. பட்டறையை மூடிவிட்டு வந்து காத்திருக்கும் மனிதருக்கு அந்த ஒருநாள் கூலி யார் தருவார்கள்? அதனால் மன்றத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை போன்தான் முதலில்.

இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே செய்யுங்கள். பதிவுக்கு முந்தைய பில்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2020 ஜூலை முதல் ஓடும் இந்தப் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் கூகுளில் தேடினால் அரசு இணையதளம் போலவே கொடியும் முத்திரையும் போட்டுக்கொண்டு தனியார் தளங்கள் வரிசையாக வரும், கடைசிப் பக்கத்தில் கட்டணம் கேட்கும். முகவரியின் கடைசியில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

சரி, அப்புறம் முதல் குணத்துக்கு வருகிறேன். உங்கள் ஜிபே பட்டியலைப் பார்த்தேன். பால்காரர், இன்சர்ட் கடை, பாப்பாவின் ஸ்கூல் வேன், டீசல், மறுபடியும் இன்சர்ட், மாமியாருக்கு மருந்து. எல்லாம் ஒரே கணக்கிலிருந்து. இதை வைத்துக்கொண்டு பட்டறையில் லாபமா நஷ்டமா என்று என்னாலும் சொல்ல முடியாது. பட்டறை பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள், பார்ட்டி பணம் அதில் மட்டும் வரட்டும். மாதம் 5-ஆம் தேதி உங்களுக்கென்று ஒரு சம்பளம், இப்போதைக்கு 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுச் செலவு அதற்குள். மனைவியிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள், மறைத்தால் இரண்டாம் மாதமே உடைந்துவிடும். ஒவ்வொரு பில்லிலும் வாங்கும் ஜிஎஸ்டி தொகையைப் பணம் வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள், அது உங்கள் பணம் இல்லை.

இரவு பட்டறை மூடும் முன் பத்து நிமிடம். ஒரு நீள நோட்டு போதும்: இன்று வந்தது, போனது, கையில் இருப்பது, யார் எவ்வளவு தர வேண்டும். நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில் வீட்டுப் பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைத்து முதலில் பழக்கியது இதைத்தான். அன்றன்றைக்கு எழுதாமல் ஐந்தொகை (வரவு, செலவு, பாக்கியெல்லாம் சேர்த்துப் பார்க்கும் கணக்கு) போட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். எழுதாமல் தூங்கப் போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "முத்ரா கடன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கமிஷன் கொடுத்தால் போதுமாம்." எனக்குத் தூக்கம் கெட்டது இந்த வரியால்தான். முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாருமே கிடையாது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய சிறுதொழில் கடன் திட்டம், 10 லட்சம் வரை, அதைச் சரியாகத் திருப்பிக் கட்டியவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை. பிணை கேட்கக் கூடாது. நீங்களே வங்கிக் கிளைக்கு நேரில் போய் விண்ணப்பிக்கலாம். கிளையில் நகை இருக்கிறதா, எல்ஐசி இருக்கிறதா என்று கேட்பார்கள், நாலு முறை அலைய விடுவார்கள், அந்த அலைச்சல்தான் இந்த ஏஜென்ட்களைப் பிழைக்க வைக்கிறது. இந்த அலைச்சலை நிறுத்த ஏன் யாருக்கும் மனம் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ஆனாலும் ஏஜென்ட் வேண்டாம். அவர் முதலில் முன்பணம் வாங்குவார். அப்புறம் இல்லாத விற்பனையைக் காட்டி பேலன்ஸ் ஷீட் தயாரிப்பார், அதில் கையெழுத்து உங்களுடையது. நாளை வங்கி பிடித்தால் அவர் போன் எடுக்க மாட்டார், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பீர்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஓடுகிற பட்டறையைப் புதிது போலக் காட்டி மாவட்டத் தொழில் மைய மானியம் வாங்கித் தருகிறேன் என்பவரும் இதே ரகம்தான், அந்த மானியத் திட்டங்கள் புதிதாகத் தொடங்குபவர்களுக்கானவை. தண்டல்காரர் பக்கமும் திரும்ப வேண்டாம். 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவது சிறியதாகத் தெரியும், குறைந்துகொண்டே வரும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல் போகிறது.

உங்களுக்கு இப்போது கடன் தேவையே இல்லை என்பது என் கணக்கு. 11,40,000-இல் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே மச்சானின் பாக்கி தீர்ந்து இரண்டு மாதச் சம்பளம் கையில் நிற்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை டிராயரைக் காலி செய்து, பில் போடாத டிசி எத்தனை என்று எண்ணுங்கள், அன்றே பில் போடுங்கள். திங்கட்கிழமை முதல் போன், உங்கள் பட்டியலில் நாலாவதாக எழுதியிருக்கும் 2,18,000 ரூபாய் பார்ட்டிக்கு. 110 நாள் ஆகிவிட்டது. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.