படத்தைப் பார்த்து வரைந்தால் வருகிறது, பொருளை வைத்து வரைந்தால் வருவதில்லை. ஏன்?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார், வகுப்புக்குப் போக நேரமில்லை. ஆறு மாதமாகப் பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைகிறார். படம் அச்சாக வருகிறது. மேசையில் இருக்கும் கோப்பை வருவதில்லை.

காரணம் எளிது. உருண்டு திரண்ட ஒன்றைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் பாடு முழுவதையும் அந்த ஓவியரே பட்டுவிட்டார். நீங்கள் கோட்டைப் பார்த்துக் கோடு போடுகிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே படத்தைப் பார்த்து வரைவதையும் பொருளை வைத்து வரைவதையும் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

முதலில் ஒரு கிளாஸ் பிளேன்டீயை முன்னால் வையுங்கள். 2பி பென்சிலும் போட்டோகொப்பித் தாளும் போதும். கிளாஸின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். அதனால் கை அதை அளவுக்கு மிஞ்சித் திறந்துவிடும். அடி மேசையில் தட்டையாக நிற்பதும் தெரியும். அதனால் அடியை நேர்கோடாக இழுத்துவிடும். கண் காண்பது நேர்மாறு. கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் விரிந்து தெரியும். அகலத்தோடு ஒப்பிட்டால் வாயின் நீள்வட்டம் ஒடுக்கம், அடியினுடையது பருமன், தேநீர் மட்டம் இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றையும் மறைந்த பக்கம் உட்பட முழுதாகச் சுற்றுங்கள். ஓரங்கள் கூராக வந்தால் பிழை. அங்கேயும் கோடு வளைந்துதான் திரும்ப வேண்டும்.

அகலத்தைப் பென்சிலால் அளந்து, உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டிப் பிடிக்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடிந்தாலும் அளவு மாறும். விகிதம் பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். அழிறப்பரைத் தூர வைத்துவிட்டு, ஒரே கிளாஸைப் பத்துத் தடவை வரையுங்கள்.

பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரையும்போது ஒரு நாளைக்கு ஒரு கேள்வி மட்டும். ரெம்பிராண்டின் கோட்டுச் சித்திரங்களை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் தளத்தில் இலவசமாக, பெரிய அளவில் இறக்கலாம். "கோடு எங்கே தடிக்கிறது, எங்கே அறுந்து போகிறது?" என்பதை மட்டும் பார்த்து இருபது நிமிடம் வரையுங்கள். பிறகு மூலத்தை மூடிவிட்டு ஞாபகத்தில் வரையுங்கள். எங்கே கை நிற்கிறதோ, அங்கே நீங்கள் பார்க்கவேயில்லை. கடைசியில் அதே கோட்டு முறையில் உங்கள் கிளாஸை வரையுங்கள். இந்த மூன்றாவது படியை விட்டால் முதல் இரண்டும் வீண்.

நிழலிடுதலுக்கு இப்போது அவசரம் வேண்டாம். விகிதம் பிழைத்த கிளாஸுக்கு நிழல் போட்டால், பிழை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

திரையில் மட்டும் பார்க்காதீர்கள். கொழும்பு பொறளை கோதமி விகாரையில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு தோளிலிருந்து கைவரை கோடு எப்படி வழுகிப் போகிறது என்று கிட்ட நின்று பாருங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து அப்படிக் கோடு இழுக்க வராது, தோளிலிருந்து கை அசைய வேண்டும். வீட்டில் ஏ3 தாளைச் சுவரில் ஒட்டி, நின்றபடி இழுத்துப் பழகுங்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸின் வீடாக இருந்த சப்புமல் நிலையத்தில், 1943இல் தொடங்கிய நவீன ஓவியர் குழுவான 43 குழுவினரின் படைப்புகள் உண்டு.

விகாரைக்குப் போனால் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், வரைய முன் அனுமதி கேளுங்கள். கரித்துண்டு வேண்டாம், அதன் தூள் தரையில் கொட்டும்; பென்சிலே கொண்டுபோங்கள்.